துவைக்கிற கல் சொன்ன பாடம்!



தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி என்று ஓர் ஊர் இருக்கிறது. அதுதான் என் ஊர். மேற்கே பார்த்தால் குற்றாலம் மலை நீலமாகத் தெரியும். சாரல் காலத்தில் மலைப் பக்கமிருந்து வரும் காற்றில் வயலெல்லாம் சிலுசிலுக்கும். ஊரை ஒட்டி அனுமன் நதி ஓடுகிறது.

1990-ஆம் ஆண்டு. அப்போது நான் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். அன்றைக்குப் பாறைகளைப் பற்றிய பாடம். புத்தகத்தில் இருக்கும் படத்தைக் காட்டுவதைவிட, நேரில் காட்டுவது நல்லது என்று பிள்ளைகளை வரிசையாக ஆற்றங்கரைக்கு அழைத்துக் கொண்டு போனேன்.

கரையில் ஊர்ப் பெண்கள் துணி துவைக்கிற பெரிய கல் ஒன்று கிடந்தது. சாம்பல் நிறக் கல். அதன் குறுக்கே ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. "இந்தக் கோடு குவார்ட்ஸ் என்ற கனிமம். ரொம்ப காலத்துக்கு முன்னே பாறைச் சந்துக்குள் புகுந்து இறுகிப் போனது" என்று சொல்லிக் கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு மாணவி கை தூக்கினாள்.

"சார், கோடு நேரா வருது. நடுவுல பட்டுன்னு விட்டுப் போகுது. அப்புறம் ரெண்டு விரக்கடை தள்ளி மறுபடியும் ஓடுது. அது ஏன் சார்?"

குனிந்து பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். கல்லின் நடுவே மயிரிழை போல ஒரு விரிசல் சாய்வாக ஓடியது. அந்த விரிசலுக்கு இந்தப் பக்கம் கோடு ஓர் இடத்தில் நின்றது. அந்தப் பக்கம் வேறோர் இடத்தில் தொடங்கியது. அந்தக் கல்லை அதற்கு முன் நூறு தடவை பார்த்திருப்பேன். இதைக் கவனித்ததே இல்லை! எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை.

"நாளைக்குச் சொல்றேம்மா" என்றேன்.

மறுநாள் அவளே பதிலோடு வந்துவிட்டாள். அவளுடைய அப்பா கிணறு வெட்டுகிறவர். அவரிடம் கேட்டிருக்கிறாள். "பாறை நழுவியிருக்கும். நழுவின இடத்துல கல்லு நொறுங்கிப் பொடியா இருக்கும். அந்த மாதிரி இடம் கிணத்துக்குள்ள வந்தா எங்களுக்குச் சந்தோஷம். அங்கதான் ஊத்து வரும்" என்று அப்பா சொன்னாராம்.

எவ்வளவு சரியான பதில்! புவியியல் வல்லுநர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். கெட்டியான பாறைக்குள் தண்ணீர் தங்க இடம் கிடையாது. விரிசலும் நொறுங்கலும் இருந்தால்தான் அதில் நீர் ஊறி நிற்கும்.

விரிசல் வேறு, பெயர்ச்சி வேறு!

பாறையில் விரிசல் இருப்பது பெரிய விஷயம் இல்லை. எல்லாப் பாறையிலும் இருக்கும். விரிசலின் இரண்டு பக்கமும் அசையாமல் இருந்தால் அது வெறும் விரிசல். ஒரு பக்கம் நகர்ந்துவிட்டால் அதன் பெயர் 'பிளவுப் பெயர்ச்சி'. பெயர்தல் என்றால் இடம் மாறுதல். வீட்டில் பெரியவர்கள் 'குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி' என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்களே, அதே பெயர்ச்சிதான்!

நகர்ந்ததா, இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விரிசலைக் குறுக்கே தாண்டிப் போகிற ஒரு கோடு வேண்டும். துவைக்கிற கல்லில் அந்த வெள்ளைக் கோடு இல்லையென்றால் நமக்கு எதுவும் தெரிந்திருக்காது. துப்பறிகிறவர்களுக்குக் கைரேகை எப்படியோ, பாறையைப் படிக்கிறவர்களுக்குக் கோடு அப்படி. எவ்வளவு தூரம் நகர்ந்தது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்ற இரண்டையும் அது சொல்லிவிடும்.

இதில் 'எந்தப் பக்கம்' என்பதுதான் ரொம்ப முக்கியம். அது ஊர்களையே காப்பாற்றும், அழிக்கவும் செய்யும். எப்படி என்று பார்ப்போமா?

பாறை ஏன் நகர்கிறது?

நாம் நிற்கிற நிலம் ஒரே துண்டு இல்லை. பூமியின் மேல்பகுதி பெரிய பெரிய தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு தட்டும் மெதுவாக நகர்ந்து கொண்டே இருக்கிறது. நம் இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்குப் பக்கமாகப் போகிறது. நம் கைவிரல் நகம் வளர்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

இவ்வளவு மெதுவாகப் போவது எப்படி நிலநடுக்கமாக மாறுகிறது?

மழைக்காலத்தில் மர மேசையின் டிராயர் ஊறி இறுகிப் போகும், பார்த்திருக்கிறீர்களா? இழுப்போம், வராது. இன்னும் பலமாக இழுப்போம், அசையாது. திடீரென்று 'டக்' என்று வந்து, உள்ளே இருக்கிற பென்சில், ரப்பர் எல்லாம் சிதறும். பாறையும் அப்படித்தான். தட்டு நகரப் பார்க்கும். ஆனால் பிளவின் இரண்டு பக்கமும் சொரசொரப்பாக இருப்பதால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். நூறு ஆண்டு, இருநூறு ஆண்டு அப்படியே நிற்கும். ஆனால் சும்மா நிற்பதில்லை. ஸ்கேலை வளைத்துப் பிடித்தது போல உள்ளுக்குள் வளைந்துகொண்டே போகும். ஒரு நாள் பிடி விட்டுப் போகும். நூறு ஆண்டு நகர வேண்டிய தூரத்தைப் பாறை சில விநாடிகளில் நகர்ந்துவிடும். அந்த உதறல்தான் நிலநடுக்கம்!

இதை விளக்கியவர் ஹாரி ஃபீல்டிங் ரீட் என்ற அமெரிக்க விஞ்ஞானி. 1906-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த நிலநடுக்கத்துக்கு முன்னும் பின்னும் நிலத்தை அளந்த கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்து இதைச் சொன்னார்.

சப்பாத்தி மாவில் ஒரு சோதனை

இப்போது உங்கள் வீட்டுச் சமையலறைக்குப் போவோம். அம்மாவிடம் கெட்டியாகப் பிசைந்த சப்பாத்தி மாவு கொஞ்சம் கேளுங்கள். பாதி மாவில் மஞ்சள்தூள் கலந்துகொள்ளுங்கள். வெள்ளை, மஞ்சள், வெள்ளை, மஞ்சள் என்று தட்டையாக அடுக்கி, செங்கல் வடிவத்துக்குக் கொண்டு வாருங்கள். பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு, கத்தியால் அதை நடுவில் சாய்வாக வெட்டித் தரச் சொல்லுங்கள். நேராக வெட்டக் கூடாது, சாய்வாக!

இப்போது இரண்டு துண்டு. வெட்டு சாய்வாக இருப்பதால் ஒரு துண்டு கீழே தாங்குவது போலவும், இன்னொன்று அதன் மேல் சாய்ந்திருப்பது போலவும் தெரியும். தாங்குவது கீழ்ப்பாறை. சாய்ந்திருப்பது மேல்பாறை. அந்தக் காலத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் பிளவை ஒட்டிச் சுரங்கம் வெட்டும்போது, கீழ்ப்பாறையில் காலை ஊன்றி நிற்பார்கள். தலைக்கு மேலே இருக்கிற மேல்பாறையில் விளக்கைத் தொங்க விடுவார்கள். அதனால் ஒன்றைக் 'கால் சுவர்' என்றும் மற்றதைத் 'தொங்கு சுவர்' என்றும் சொன்னார்கள். இன்றைக்கும் விஞ்ஞானிகள் அந்தத் தொழிலாளர்கள் வைத்த பெயரைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இனி ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்போம்.

1. இழுத்தால் இறங்கும்

இரண்டு துண்டையும் மெதுவாக விலக்குங்கள். சாய்ந்திருக்கும் மேல்பாறை சறுக்கிக் கீழே இறங்கும். மஞ்சள் கோடும் அதோடு சேர்ந்து இறங்கும். இதற்கு 'இயல்புப் பிளவு' என்று பெயர். நிலம் இரண்டு பக்கமும் இழுபடும் இடங்களில் இது உண்டாகும்.

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே அருமையான உதாரணம் இருக்கிறது. தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரே சமவெளி. ஆனால் அந்த வயலுக்கு அடியில் மேடும் பள்ளமுமாகப் பாறை கிடக்கிறது! டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒன்றாக ஒட்டியிருந்தன. பிறகு பிரியத் தொடங்கின. அந்த இழுப்பில் காவிரிப் படுகையின் அடிப்பாறை வரிசை வரிசையாகப் பிளந்து, சில பகுதிகள் கீழே இறங்கின. நடுவில் சில பகுதிகள் மேடாக நின்றன. இறங்கிய பள்ளங்களில் கடல் புகுந்து, சேறும் மணலும் ஆயிரக்கணக்கான மீட்டருக்கு நிரம்பின. அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கடல் சிப்பிகளின் படிவம் இன்றைக்கும் கிடைப்பது இதனால்தான்.

மண்ணுக்கு அடியில் இருப்பது எப்படித் தெரிந்தது? எண்ணெய் தேடித் துளை போட்டார்கள். மேடு இருக்கும் இடத்தில் அடிப்பாறை சீக்கிரம் தட்டுப்பட்டது. பள்ளத்தில் துளை வெகு ஆழம் போன பிறகும் அது வரவில்லை. துவைக்கிற கல்லில் விட்டுப்போன கோடு மாதிரியே! நாகப்பட்டினம் பக்கத்தில் நரிமணத்தில் எண்ணெய் கிடைப்பதும் இப்படி இறங்கிய பள்ளங்களில் நிரம்பிய படிவங்களால்தான்.

2. அமுக்கினால் ஏறும்

இப்போது மாவின் இரண்டு பக்கமும் கை வைத்து உள்நோக்கி அமுக்குங்கள். மேல்பாறை சறுக்குக்கு எதிராக மேலே ஏறும். மஞ்சள் கோடு உயரும். இது 'எதிர்ப் பிளவு'. வெட்டு ரொம்பவும் படுத்த மாதிரி சாய்ந்திருந்தால், ஒரு பாறை இன்னொன்றின் மேல் படுத்துக்கொண்டே ஏறும். அதை 'உந்துப் பிளவு' என்கிறோம்.

குஜராத்தில் கட்ச் பகுதியில் 1819-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி பெரிய நிலநடுக்கம் வந்தது. அதுவரை தட்டையாக இருந்த உப்பு நிலத்தில் சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேடு எழும்பி நின்றது. சில இடங்களில் 6 மீட்டர் உயரம். அதாவது இரண்டு மாடி வீட்டு உயரம்! அணை போல அது ஆற்றையே மறித்துவிட்டது. மனிதர் கட்டாத அணை என்பதால் மக்கள் அதற்கு 'அல்லா பந்த்', அதாவது இறைவன் கட்டிய அணை என்று பெயர் வைத்தார்கள். அதற்குத் தெற்கே நிலம் தாழ்ந்து, சிந்திரி என்ற கோட்டை தண்ணீருக்குள் போனது.

இமயமலை உயர்ந்ததும் உந்துப் பிளவுகளால்தான். இந்தியத் தட்டு வடக்கே முட்ட முட்ட, பாறை அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறின. இன்னும் ஏறிக் கொண்டிருக்கின்றன. 2015 ஏப்ரல் 25-இல் நேபாளத்தில் 7.8 அளவுள்ள நிலநடுக்கம் வந்தபோது, காத்மாண்டு பகுதி சுமார் ஒரு மீட்டர் உயர்ந்துவிட்டது. அந்த ஒரு மீட்டருக்கு நேபாள மக்கள் கொடுத்த விலை பெரிது. ஏறக்குறைய 9,000 பேர் இறந்து போனார்கள்.

3. உரசினால் விலகும்

மூன்றாவது சோதனை. இந்த முறை மாவை மேலும் கீழும் அசைக்கக் கூடாது. ஒரு துண்டை உங்கள் பக்கமாகவும், மற்றதை எதிர்ப் பக்கமாகவும் தள்ளுங்கள். இரண்டும் உரசிக்கொண்டு பக்கவாட்டில் விலகும். எதுவும் உயராது, தாழாது. இது 'பக்கவாட்டுப் பிளவு'. எதிரெதிரே வருகிற இரண்டு பேருந்துகள் குறுகிய தெருவில் உரசிக்கொண்டு போவது மாதிரி!

1906 ஏப்ரல் 18-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது இதுதான். சான் ஆண்ட்ரியாஸ் என்ற நீண்ட பிளவு நழுவியது. அதன் குறுக்கே போன ஒரு மரவேலி இரண்டாக அறுந்து, சுமார் இரண்டரை மீட்டர் விலகி நின்றது. அந்தப் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. அங்கே வேலி, நம் ஊரில் வெள்ளைக் கோடு. இரண்டும் சொல்வது ஒன்றுதான்! 2023 பிப்ரவரி 6-இல் துருக்கியிலும் சிரியாவிலும் 50,000-க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்ட நிலநடுக்கமும் இந்த வகைதான்.

இங்கே ஒரு புதிர். பிளவுக்கு இந்தப் பக்கம் நின்று எதிர்ப் பக்கத்தைப் பாருங்கள். அது வலப்பக்கம் நகர்ந்திருந்தால் 'வலப் பெயர்ச்சி'. இடப்பக்கம் நகர்ந்திருந்தால் 'இடப் பெயர்ச்சி'. சான் ஆண்ட்ரியாஸ் வலப் பெயர்ச்சி. துருக்கியில் 2023-இல் நழுவியது இடப் பெயர்ச்சி. சரி, நீங்கள் பிளவைத் தாண்டி மறுபக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தால், வலம் இடமாக மாறுமா? மாவை வைத்துப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்!

மூன்று வகை என்று சொன்னேனே தவிர, பாறை நம் புத்தகத்தைப் படித்துவிட்டு நகர்வதில்லை. சில சமயம் ஏறிக்கொண்டே பக்கவாட்டிலும் விலகும். சில பிளவுகள் அதிர்வே இல்லாமல் மெல்ல மெல்ல நழுவும்.

இரண்டு நிலநடுக்கம், இரண்டு முடிவு

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி ஆகப் போகிறது. நீங்கள் பிறப்பதற்கு முன் நடந்தது. ஆனால் உங்கள் அப்பா, அம்மாவைக் கேளுங்கள், மறந்திருக்க மாட்டார்கள். சுமத்ரா தீவுக்குப் பக்கத்தில் கடலுக்கு அடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம். அங்கே இந்தியத் தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் நுழைகிறது. மேலே இருக்கும் தட்டின் ஓரம் பல காலம் மாட்டிக்கொண்டு வளைந்திருந்தது. அன்றைக்குப் பிடி விட்டது. சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு நழுவியது. கன்னியாகுமரியிலிருந்து விசாகப்பட்டினத்தையும் தாண்டிப் போகிற தூரம் அது!

இது உந்துப் பிளவு. அமுக்கினால் ஏறும் என்று பார்த்தோம் அல்லவா? கடலின் தரை பல மீட்டர் மேலே எழும்பியது. தரை எழும்பினால் அதன் மேல் இருக்கிற தண்ணீர் என்ன செய்யும்? அதுவும் எழும்பும். எழும்பிய தண்ணீர் நான்கு பக்கமும் பாய்ந்தது. சுமார் இரண்டரை மணி நேரத்தில் நம் கடற்கரைக்கு வந்தது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். அதில் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குத்தான் அதிக இழப்பு. அன்றைக்குக் கடலோர மக்களுக்கு எச்சரிக்கை சொல்ல ஆள் இல்லை, ஏற்பாடும் இல்லை.

அந்த நிலநடுக்கம் விட்டுச்சென்ற கோட்டையும் இன்றைக்குப் பார்க்கலாம். நம் நாட்டின் தென்கோடி, கிரேட் நிக்கோபார் தீவில் இருக்கும் இந்திரா முனை. அங்கே கரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி தண்ணீருக்குள் போய்விட்டது. நிலம் நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிட்டது. ஆனால் வடக்கு அந்தமானின் மேற்குக் கரையில் நிலம் உயர்ந்து, பவளப்பாறைகள் தண்ணீருக்கு வெளியே வந்து காய்ந்தன. வளைந்திருந்த தட்டு நிமிர்ந்தபோது அதன் ஓரம் எழும்பியது, பின்பக்கம் அமுங்கியது.

இப்போது ஏழு ஆண்டு கழித்து வாருங்கள். 2012 ஏப்ரல் 11, புதன்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு மேல். மறுபடியும் சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் நிலநடுக்கம். 8.6 அளவு. சென்னையில் கட்டடங்கள் ஆடின. மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். இந்த முறை எச்சரிக்கை கிடைத்தது. 2004-க்குப் பிறகு, 2007-இல் ஐதராபாத்தில் இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டிருந்தது. கடற்கரையில் இருந்தவர்களை அப்புறப்படுத்தினார்கள்.

துவைக்கிற கல்லைக் காட்டிக் கேள்வி கேட்டாளே ஒரு மாணவி, நினைவிருக்கிறதா? அவள் படித்து ஆசிரியையாகி, அப்போது சென்னையில் கடலோரப் பகுதி ஒன்றில் வேலை பார்த்தாள். பிள்ளைகளையெல்லாம் வரிசையாக மாடிக்கு ஏற்றி, பெற்றோர் வரும்வரை கூடவே நின்றிருக்கிறாள். இரவு எட்டு மணிக்கு எனக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"சார், பெரிய அலை வரவே இல்லை. பிள்ளைங்க ஏன்னு கேக்குறாங்க. இந்தத் தடவை கோடு எந்தப் பக்கம் சார் நகர்ந்துச்சு?"

22 ஆண்டு கழித்தும் அவள் கேள்வி மாறவில்லை! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பதில் இதுதான். 2012-இல் நழுவியவை பக்கவாட்டுப் பிளவுகள். அந்த வகையில் அதுவரை கருவிகளில் பதிவான நிலநடுக்கங்களிலேயே அதுதான் பெரியது. 2004-ஐவிட ஆற்றல் சில மடங்கு குறைவு என்றாலும் அதுவும் சாதாரணம் இல்லை. ஆனால் கடல்தரை பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்தது. மேலே எழும்பவில்லை. ஒரு தட்டு நிறையத் தண்ணீர் வைத்து, தட்டுக்கு அடியில் விரித்த துணியை மெல்லப் பக்கவாட்டில் நகர்த்தினால் தண்ணீர் லேசாகத்தான் அலையும். அடியிலிருந்து முட்டித் தூக்கினால்? வழிந்து கொட்டும்! அந்த வித்தியாசம்தான் அன்றைக்கு நம் கடற்கரையைக் காப்பாற்றியது.

ஆனால் ஒன்று. "பக்கவாட்டுப் பிளவு என்றால் பயமில்லை" என்று நினைத்துவிடக் கூடாது. 2018 செப்டம்பர் 28-இல் இந்தோனேசியாவின் பாலு நகரில் பக்கவாட்டுப் பிளவு நழுவியபோதும் சுனாமி வந்து ஊரை அழித்தது. கரையில் நிற்கிற நமக்கு, கடலுக்கு அடியில் கோடு எந்தப் பக்கம் நகர்ந்தது என்று தெரியாது. அதனால் கடற்கரையில் நிற்கும்போது நிலம் பலமாக அல்லது வெகுநேரம் ஆடினாலும், கடல் திடீரென்று உள்வாங்கினாலும், யாரும் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். மேடான இடத்துக்கோ, உறுதியான கட்டடத்தின் மாடிக்கோ போய்விடுங்கள். "இறங்கலாம்" என்று அதிகாரிகள் சொல்லும்வரை இறங்காதீர்கள். அந்த ஆசிரியை செய்தது அதைத்தான். அலை வராதது நல்ல நேரம். மாடிக்குப் போனது நல்ல அறிவு.

நம் ஊருக்கு அடியில் என்ன?

"சார், நம்ம ஊர்ப் பக்கம் இப்படி ஏதாவது உண்டா?" என்று தென்காசி, செங்கோட்டைப் பிள்ளைகள் கேட்பது காதில் விழுகிறது. உண்டு!

செங்கோட்டைக்கு வடமேற்கே, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அச்சன்கோவில் என்ற ஊர் இருக்கிறது. ஐயப்பன் கோவிலுக்குப் பெயர் பெற்ற ஊர். அந்தப் பெயரிலேயே ஓர் ஆறும் உண்டு. வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால், மலைக்குள் அந்தப் பள்ளத்தாக்கு கோடு கிழித்தது போல வடமேற்காகப் போகும். காரணம், அங்கே பாறை பழைய காலத்திலேயே நழுவிப் பலவீனமாகிவிட்டது. பலவீனமான இடத்தில் ஆறு சுலபமாக அறுத்துக்கொண்டு ஓடும். 'அச்சன்கோவில் நழுவு மண்டலம்' என்று புவியியல் நூல்களில் இதற்குப் பெயர். கேரளத்திலிருந்து மலையைக் குறுக்கே கடந்து நம் வட்டாரத்துக்கும் இந்தப் பட்டை வருகிறது.

இது இன்றைய பிளவுகளைப் போல 'டக்' என்று உடைந்தது இல்லை. சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்துக்கு வெகு ஆழத்தில், பல நூறு டிகிரி சூட்டில் நடந்தது. கருப்பட்டிப் பாகு சூடாக இருக்கும்போது இழுத்தால் நீளும். ஆறிய பிறகு அடித்தால் உடையும். பாறையும் அப்படியே! ஆழத்தில் சூடாக இருக்கும்போது இழுபட்டு நீளும். மேலே ஆறிக் கிடக்கும்போது உடையும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக மழையும் ஆறும் மேலே இருந்த பாறையை அரித்து எடுத்ததால்தான், ஆழத்தில் இழுபட்ட பாறை இன்றைக்கு நம் கண்ணுக்குத் தெரிகிறது.

அப்படியானால் பயப்பட வேண்டுமா? வேண்டாம். இமயமலை அடிவாரம் போல, அந்தமான் போல, இங்கே தட்டுகளின் எல்லை இல்லை. ஆனால் அலட்சியமும் வேண்டாம். 1900 பிப்ரவரி 8-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறக்குறைய 6 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது. 2000 டிசம்பர் 12-இல் மத்திய கேரளத்தில் 5 அளவில் ஒன்று வந்தது. பழைய பாறைக்கும் எப்போதாவது ஒரு சிலிர்ப்பு உண்டு. வகுப்பில் இருக்கும்போது அப்படி ஆடினால், பெஞ்சுக்கோ மேசைக்கோ அடியில் குனிந்து உட்காருங்கள். கையால் தலையையும் கழுத்தையும் மூடுங்கள். ஆட்டம் நிற்கும்வரை மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். நின்ற பிறகு, முண்டியடிக்காமல் வெளியே வாருங்கள்.

உங்களுக்கு ஒரு வேலை!

அடுத்த விடுமுறையில் ஆற்றங்கரைக்கோ, பாறை தெரிகிற மலை ரோட்டுக்கோ, பெரியவர்களோடு போங்கள். கல்குவாரிக்குள்ளோ ஆழமான கிணற்றுக்குப் பக்கத்திலோ தனியாகப் போகக் கூடாது. குற்றாலம் போனாலும் அருவியில் குளித்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். கல்லைப் பாருங்கள். வெள்ளைக் கோடு இருக்கிறதா? நேராக ஓடுகிறதா, நடுவில் விட்டுப் போகிறதா? விட்டுப் போனால் எத்தனை விரற்கடை? எந்தப் பக்கம்? ஒரு நோட்டில் படம் வரைந்து தேதி போடுங்கள். கோவில் படிக்கல், அம்மிக்கல், வீட்டுத் தரையில் பதித்த கிரானைட் பலகையில்கூட இது கிடைக்கும்.

ஆய்க்குடி ஆற்றங்கரையில் அந்தத் துவைக்கிற கல்லை இப்போதும் நடைப்பயிற்சி போகும்போது பார்க்கிறேன். துவைத்துத் துவைத்து மேல்பக்கம் வழவழவென்று ஆகிவிட்டது. ஆனால் கோடு அப்படியே இருக்கிறது, இரண்டு விரற்கடை தள்ளி.

பதில் தெரியாத கேள்வியை வகுப்பில் கேட்கத் தயங்காதீர்கள், குழந்தைகளே. உங்கள் ஆசிரியருக்கும் அப்போது பதில் தெரியாமல் இருக்கலாம். பரவாயில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்பார். ஒருவேளை நீங்களே அவருக்குச் சொல்லுவீர்கள்!